கத்திக் கப்பலுக்கு அப்புறம்: காகிதம் மடிப்பவர்களும் மடித்ததைப் பகிர்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலெல்லாம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். அங்கேயும் பழைய சலானைக் கை சும்மா மடித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பகுதி நூலகத்தில் பிள்ளைகளுக்குக் காகித மடிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் செய்ததைப் படம் எடுத்து, செய்முறையோடு தெரிந்தவர்களுக்கு அனுப்புவேன். அப்படி அனுப்பத் தொடங்கியதிலிருந்து வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. ஓரிகாமியும் பேப்பர் கிராஃப்ட்டும் ஒண்ணுதானே சார்?

இரண்டும் காகிதம்தான், ஆனால் வேலை வேறு. ஓரிகாமி என்றால் ஒரு தாள், பெரும்பாலும் சதுரம், அதை மடிக்க மட்டும் செய்வது. கத்தரியும் பசையும் கிடையாது. பேப்பர் கிராஃப்ட் என்று பொதுவாகச் சொல்வது அச்சடித்த விரிபடத்தை வெட்டி, மடித்து, ஒட்டி நிறுத்துவது. நவராத்திரிக் கொலுவில் அட்டையில் கோபுரம் செய்து வைக்கிறார்களே, அந்த மாதிரி. மடிப்போடு கொஞ்சம் வெட்டும் சேர்ந்தால் அதற்குக் கிரிகாமி என்று பெயர்.

இந்த எல்லைக்கோட்டை ரொம்பக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 1797இல் ஜப்பானில் அச்சான கொக்கு மடிப்பு நூலிலேயே, ஒரே தாளில் கீறல் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பல கொக்குகளை மடிக்கிறார்கள். பகிரும்போதுதான் இந்த வித்தியாசம் முக்கியமாகிறது. ஓரிகாமியில் நாம் அனுப்புவது வழிமுறை, பேப்பர் கிராஃப்ட்டில் அனுப்புவது அச்செடுக்க வேண்டிய கோப்பு. இரண்டிலும் வரும் சிக்கல்கள் வேறு வேறு.

2. இது ஜப்பான்காரங்க கலை. நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பெயர் ஜப்பானுடையது. ஓரி என்றால் மடித்தல், காமி என்றால் காகிதம். கொக்கும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஐரோப்பாவிலும் மடிக்கும் பழக்கம் தனியாக இருந்தது. ஜெர்மனியில் கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரோபெல் தன் பாடத்தில் காகித மடிப்பைச் சேர்த்தார். பள்ளிக்கூடங்கள் வழியாக அது உலகம் முழுக்கப் போனது. நம் பிள்ளைகள் மழைநாளில் மடிக்கிற சாதாக் கப்பலையும் கத்திக் கப்பலையும் யாரும் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்லித்தருவான், அவ்வளவுதான்.

நமக்குப் பெருமையான சம்பந்தம் ஒன்று உண்டு. டி. சுந்தர ராவ் என்பவர் 1893இல் காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அது அச்சானது சென்னையில், அன்றைய மெட்ராஸில். கிண்டர்கார்டன் மடிப்புத் தாள்கள்தான் தனக்கு யோசனை தந்தன என்று அவரே சொல்கிறார். சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எல்லாவற்றையும் மடித்தே கொண்டுவருகிறார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. ஆகவே யாராவது 'இது வெளிநாட்டுப் பொழுதுபோக்கு' என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

3. எந்தப் பேப்பர் வாங்கணும்? கடையில 'ஓரிகாமி ஷீட்'னு கேட்டா விலை அதிகமா இருக்கே.

பழகுவதற்கு வாங்கவே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பயன்படுத்தும் ஏ4 தாள், 70 அல்லது 80 ஜி.எஸ்.எம்., போதும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஒரு பக்கம் மட்டும் நிறமுள்ள கிளேஸ் பேப்பர் ஸ்டேஷனரி கடையில் சல்லிசாகக் கிடைக்கும். அது ஓரிகாமிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும், ஏனென்றால் உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் நிறம் என்பதால் எந்தப் பக்கம் எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் மடித்த இடத்தில் நிறம் உரியும் கிளேஸ் பேப்பரும் இருக்கிறது. ஒன்று வாங்கி, கடை வாசலிலேயே மடித்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

சார்ட் பேப்பர் கூடாது. 80 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஐந்து தடவை பாதியாக மடித்தால் 32 அடுக்கு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிடும். சார்ட் பேப்பரில் இது இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். கொக்கின் கழுத்து கட்டைவிரல் மாதிரி வரும்.

4. ஏ4 தாளில் சதுரம் வெட்டினா ஒரு துண்டு மிச்சமாகுதே, அதை என்ன பண்றது?

ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர். குறுகிய பக்கத்தை நீண்ட பக்கத்தின் மேல் மூலைவிட்டமாக மடித்து, மீறுவதை வெட்டினால் 210 மில்லிமீட்டர் சதுரம் கிடைக்கும். மிச்சம் 87 மில்லிமீட்டர் அகலத் துண்டு. அதை ஒரு சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டினால் எட்டுப் பட்டை. ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டுச் சுற்றி, ஓரங்களை நகத்தால் அமுக்கினால் சின்ன ஐங்கோண நட்சத்திரம். என் வகுப்பில் கொக்கு சரியாக வராத பிள்ளைகள் இந்த நட்சத்திரத்தால்தான் அழாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

5. செய்முறைப் படத்துல கோடு கோடா, புள்ளி புள்ளியா என்னமோ போட்டிருக்கு. தலைகால் புரியல.

அது உலகம் முழுக்க ஒரே எழுத்து. அகிரா யோஷிஸாவா என்ற ஜப்பானியர் 1950களில் தன் படங்களில் பயன்படுத்திய முறை. 1960களின் தொடக்கத்தில் சாமுவேல் ராண்ட்லெட் என்ற அமெரிக்கர் அதை எடுத்து ஒழுங்குபடுத்தினார். இன்றைக்கு எந்த நாட்டுப் புத்தகத்தை எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான். வெறும் துண்டுக் கோடுகள் என்றால் நம் பக்கம் மடிப்பது, மடிப்பு பள்ளமாக வரும். கோடு, புள்ளி, புள்ளி என்று வந்தால் பின்பக்கம் மடிப்பது, அங்கே மேடு வரும். சுருண்டு திரும்பும் அம்பு இருந்தால் தாளைத் திருப்பிப் போடு என்று அர்த்தம்.

பள்ளம், மேடு என்று நான் பலகையில் எழுதியபோது முன்வரிசையில் இருந்த ஒரு பையன், 'அப்போ வாய்க்காலும் வரப்பும்தானே?' என்றான். அவன் அப்பாவுக்கு வயல் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வாய்க்கால் மடிப்பு, வரப்பு மடிப்புதான். யாரும் குழம்புவதில்லை. இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

6. கொக்கு மடிக்கிறேன், ஆனா மூக்கும் வாலும் கூர்மையா வர மாட்டேங்குது. எங்க தப்பு?

தொண்ணூறு சதவீதம் முதல் மூன்று மடிப்பில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சதுரத்தின் மூலை மூலையோடு சேராமல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், அது ஒவ்வொரு மடிப்பிலும் கூடிக்கொண்டே போகும். முதலில் மூலையை மூலையில் வைத்து ஒரு விரலால் பிடியுங்கள். மறுகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் தாள் கோணும்.

இன்னொரு ரகசியம். இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவரும் மடிப்பு வருமே, பட்டம் மாதிரி, அங்கே ஓரத்தைக் கோட்டின் மேல் சரியாக வைக்காதீர்கள். ஒரு மயிரிழை விட்டு வையுங்கள். பிறகு அந்த இடத்திலேயே பாதியாக மடிக்கும்போது தாளின் தடிமனுக்கு அந்த இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பிதுங்கி மேலேறும், கூர்மை போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

7. அட்டையில மடிச்சா ஓரம் வெடிச்சு வெள்ளையா தெரியுதே?

இது பேப்பர் கிராஃப்ட் ஆட்கள் கேட்பது. காகிதத்துக்கும் மரம் மாதிரி இழையோட்டம் உண்டு. இழை ஓடும் திசையிலேயே மடித்தால் சுகமாக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். அட்டையை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எப்படி வளைக்கும்போது எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசையிலேயே நீள மடிப்புகள் வருமாறு விரிபடத்தை அச்செடுங்கள்.

மடிப்பதற்கு முன் மடிப்புக் கோட்டைக் கீறி வைக்க வேண்டும். வெட்டக் கூடாது, அழுத்தம் மட்டும்தான். இதற்கென்று கருவி விற்கிறார்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் அதைவிட நன்றாக வேலை செய்யும். அடியில் பழைய செய்தித்தாள் நாலு மடிப்பு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வெள்ளை தெரிந்தால் அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தைத் தடவினால் மறைந்துவிடும்.

8. டவுன்லோடு பண்ணின மாடலைப் பிரிண்ட் போட்டு வெட்டினேன். பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தவே இல்லை.

அச்செடுக்கும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு தானாக விழுந்திருக்கும். முதல் பக்கம் 97 சதவீதம், அடுத்த பக்கம் 100 என்று ஆகியிருந்தால் எந்த ஜென்மத்திலும் சேராது. எல்லாப் பக்கத்தையும் உள்ள அளவிலேயே, அதாவது 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் இதை வாயால் சொன்னால் போதாது, திரையில் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த விட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் கோப்பாக இருந்தால் இன்னொரு வில்லங்கம்: அவர்கள் லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4ஐவிட அகலம் கூட, நீளம் குறைவு. 100 சதவீதத்தில் எடுத்தால் பக்கவாட்டில் வெட்டுப்படலாம். அப்போது எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி 95 சதவீதத்தில் எடுத்தால் கெடுதல் இல்லை. பொம்மை கொஞ்சம் சின்னதாக வரும், அவ்வளவுதான்.

நீங்களே மாடல் செய்து பகிர்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து, 'அச்செடுத்ததும் இதை அளந்து பாருங்கள்' என்று எழுதிவிடுங்கள். எனக்கு வரும் புகார்களில் பாதி இதற்கு அப்புறம் நின்றுபோனது.

9. என்ன பசை நல்லது?

வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை, பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். நிறையப் போட்டால் தாள் நெளியும், இங்க்ஜெட்டில் எடுத்த அச்சு என்றால் மையும் கலங்கும். லேசரில் எடுத்தால் மை கலங்காது, ஆனால் மடித்த இடத்தில் உதிரும். எதிலும் ஒரு குறை இருக்கத்தான் செய்யும்.

பெரிய வேலைக்கு மைதாப் பசை காய்ச்சலாம். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் அதில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் கலக்காதீர்கள்.

10. ஸ்டெப் பை ஸ்டெப்பா போட்டோ எடுத்துத்தான் அனுப்பினேன். யாருக்குமே புரியலையாம்!

புரியாது. நான் முதன்முதலில் ஒரு தவளைக்குப் பதினான்கு படம் எடுத்து அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரியே சித்தி போன் பண்ணினார். 'டேய், ஏழாவது படத்துல வால் பக்கம் மேல இருக்கு, எட்டாவதுல கீழ இருக்கு. நடுவுல என்னடா பண்ணினே?' எடுத்துப் பார்த்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தாளைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறேன், என் கைக்கு அது பழக்கம் என்பதால் படம் எடுக்கத் தோன்றவே இல்லை. மடிப்பதை எல்லோரும் காட்டுகிறார்கள். திருப்புவதையும் சுழற்றுவதையும் காட்ட மறந்துவிடுகிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு படம் எடுங்கள், அல்லது கொட்டை எழுத்தில் 'இங்கே திருப்பவும்' என்று எழுதுங்கள்.

அப்புறம் வெளிச்சம். ஃபிளாஷ் அடித்தால் மடிப்புக் கோடே தெரியாது. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள், கோட்டின் நிழல் தெளிவாக விழும். அடியில் கருநீலத் துண்டோ பழைய பேன்ட் துணியோ விரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன இரட்டை நிறத் தாள் இங்கே கைகொடுக்கும். போனை ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள், புத்தக அடுக்கின் மேல் வைத்தால் போதும். கட்டைவிரல் முக்கியமான மூலையை மறைக்கிறதா என்று ஒவ்வொரு படத்திலும் பாருங்கள். பெரும்பாலும் மறைத்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும், அந்த மாடலைப் பார்த்தே இராத ஒருவரிடம் படங்களை மட்டும் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம். அவர் எந்த இடத்தில் நின்று தாளை அப்படியும் இப்படியும் திருப்புகிறாரோ, அங்கே இன்னும் ஒரு படம் வேண்டும்.

11. அப்போ வீடியோவே போட்டுடலாமே?

போடலாம். ஆனால் வீடியோவில் கை ஈரத்தோடு போனைத் தொட்டுத் தொட்டு நிறுத்திக்கொண்டே மடிக்க வேண்டும். படம் என்றால் மேசையில் விரித்து வைத்துக்கொள்ளலாம். வேகத்தைக் கூட்டி, பாட்டுப் போட்டு எடுக்கும் வீடியோ வேடிக்கை பார்க்கத்தான், மடிக்க உதவாது. மூன்று பரிமாணமாகத் திறந்து வரும் மடிப்புக்கு மட்டும் நான் இருபது விநாடித் துண்டு வீடியோ எடுப்பேன், மற்றதெல்லாம் படம்.

12. கொக்கு மடிச்சு போட்டோ போட்டா யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

கொக்குக்கு வேண்டாம். கப்பல், கொக்கு, ஊதினால் உப்பும் பந்து, குதிக்கும் தவளை இவையெல்லாம் மரபு மடிப்புகள். யார் முதலில் செய்தார் என்றே தெரியாது. தாராளமாக மடிக்கலாம், வரையலாம், சொல்லித்தரலாம். ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கும் செதில் வைத்த டிராகனும் கொம்பு வைத்த வண்டும் மரபு அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரு ஆள் இருக்கிறார்.

நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்: ஒருவர் வரைந்த செய்முறைப் படம் அவருடைய படைப்பு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். யோஷிஸாவா 2005இல் காலமானார், ஆகவே அவர் வரைந்த படங்களுக்கு இங்கே 2065 முடியும் வரை. மடித்துப் பார்ப்பதையோ, நண்பனுக்குக் காட்டுவதையோ யாரும் தடுக்கப் போவதில்லை. படத்தை நகலெடுத்துப் பரப்புவதுதான் பிரச்சினை.

மடிப்புக் கோடுகளை மட்டும் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. தாளை முழுதாகப் பிரித்துப் போட்டால் தெரியும் கோடுகள் அவை. அமெரிக்கரான ராபர்ட் லாங் உள்ளிட்ட சில ஓரிகாமிக் கலைஞர்கள், தங்கள் கோட்டு வரைபடங்களை எடுத்து வண்ணம் தீட்டி ஓவியமாக்கினார் என்று சாரா மோரிஸ் என்ற ஓவியர் மீது 2011இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2013இல் சமரசமானது. பார்ப்பவருக்கு அது வெறும் கோடு. போட்டவருக்கு அது மாதக்கணக்கான உழைப்பு.

13. யூடியூப்ல பார்த்துத்தான் மடிச்சேன். அந்த சேனல் பேரைப் போட்டா போதும்தானே?

போதாது. வீடியோ எடுத்தவர் வேறு, வடிவமைத்தவர் வேறாக இருக்கலாம். நான் மூன்று வரி எழுதுவேன்: வடிவமைப்பு யாருடையது, மடித்தது யார், எதைப் பார்த்து மடித்தேன். வடிவமைத்தவர் பெயர் வீடியோவின் கீழே சின்னதாக இருக்கும். இல்லாவிட்டால் அதே மாடலின் படத்தை வைத்து இணையத்தில் தேடுங்கள். அப்படியும் கிடைக்கவில்லையா, 'வடிவமைத்தவர் பெயர் கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். தெரிந்தவர் யாராவது வந்து சொல்வார்கள். எதுவும் எழுதாமல் விட்டால் பார்க்கிறவர்கள் நீங்கள் செய்தது என்றுதான் நினைப்பார்கள். 'ஆஹா, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?' என்று கேட்கும்போது நீங்களும் சும்மா சிரித்து வைப்பீர்கள். நான் ஒருமுறை அப்படிச் சிரித்திருக்கிறேன். நன்றாக இல்லை.

14. புத்தகத்துல இருக்கிற படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா? தமிழ்ல மாத்திக் கொடுத்தா?

வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியர் பயன்படுத்துவதற்கு நம் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் கட்டணம் வாங்கி நடத்தும் கோடை முகாமும் அதுவும் ஒன்றா என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன். என் வழி எளிது: பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுத்துக் கையால் சொல்லித்தருகிறேன், நகல் கொடுப்பதில்லை. கையால் கற்றது மறக்காது என்பது வேறு விஷயம். நகல்தான் வேண்டும் என்றால் மரபு மடிப்பு ஒன்றை எடுத்து, நீங்களே வரையுங்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன குறிகள் தெரிந்தால் போதும்.

மொழிபெயர்ப்புக்கும் அனுமதி வேண்டும். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான் கேட்ட நால்வரில் மூன்று பேர் சந்தோஷமாகச் சரி என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கவே தேவையில்லாத இடமும் உண்டு. குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தா, 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர், தன் செய்முறைகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்.

15. மடிச்சு விக்கலாமா? காது ஜிமிக்கி கேக்குறாங்க.

மரபுக் கொக்கு என்றால் விற்கலாம். இன்னொருவர் வடிவமைத்தது என்றால் கேட்டுவிட்டு விற்க வேண்டும். இலவசமாகத் தரும் பேப்பர் கிராஃப்ட் கோப்புகளில் பலவற்றில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக விற்கும் உரிமையும் கிடைத்துவிடாது.

16. ஆயிரம் கொக்கு மடிச்சா நினைச்சது நடக்குமாமே? என் பொண்ணு ஆரம்பிச்சிருக்கா.

அது ஜப்பானிய நம்பிக்கை. உலகத்துக்குத் தெரியவந்தது சதாகோ சசாகி என்ற சிறுமியால். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்து, 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில் இறந்தாள். மருத்துவமனையில் மருந்து சுற்றி வந்த காகிதத்தில்கூடக் கொக்கு மடித்தாள். 644தான் முடித்தாள் என்று ஒரு கதைப் புத்தகத்தால் பரவிவிட்டது. அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்பதுதான் ஹிரோஷிமா அருங்காட்சியகம் சொல்வது. அவள் நினைவாகக் குழந்தைகளின் அமைதிச் சின்னம் 1958இல் திறக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து பிள்ளைகள் மடித்து அனுப்பும் கொக்குகளை அங்கே வைக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு யோசனை: வழக்கமாக ஒரு சரத்துக்கு 40 கொக்கு, மொத்தம் 25 சரம். ஏழரை சென்டிமீட்டர் தாள் போதும். ஒரு நாளைக்குப் பத்து என்றால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தனியாக மடித்தால் இருநூறில் சலிப்புத் தட்டும். வீட்டுக்கு வருகிற சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரிடமும் ஒரு தாளை நீட்டச் சொல்லுங்கள்.

17. செஞ்சு வச்ச மாடலை எல்லாம் பூச்சி அரிச்சிடுது. கொரியர்ல அனுப்பினா நசுங்கிடுது.

அரிப்பது பெரும்பாலும் இராமபாணம். புத்தக அலமாரியில் வெள்ளியாய் மின்னி ஓடுமே, அதுதான். மாவுப் பசை என்றால் அதற்கு விருந்து. காற்றுப் புகாத டப்பாவில், அந்துருண்டை ஒன்றைத் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றில் தாள் தொங்கிப்போகும். மழைக்காலத்தில் புதிதாக மடிக்காமல், பழையதைப் படம் எடுக்கிற வேலையை வைத்துக்கொள்வேன்.

கொரியருக்கு ஒரு வழி: மடித்து முடித்ததை அனுப்பாதீர்கள். முன்கூட்டியே கோடு விழ மடித்து, பிரித்துத் தட்டையாக்கிய தாளை உறையில் போட்டு அனுப்புங்கள். வரப்பும் வாய்க்காலும் தாளிலேயே இருக்கும். வாங்குகிறவர் கோட்டைப் பிடித்து மடித்தால் வந்துவிடும். என் அக்கா மகளுக்குப் பிறந்தநாளுக்கு இப்படித்தான் அனுப்பினேன். பொம்மையாகவே அனுப்பியிருந்தால் இவ்வளவு நேரம் அதோடு இருந்திருக்க மாட்டாள்.

18. நானே சொந்தமா ஒரு மாடல் கண்டுபிடிச்சேன். இப்போ பார்த்தா அதே மாதிரி வேற யாரோ ஏற்கெனவே செஞ்சிருக்காங்க. இது யாருடையது?

இது மடிப்பில் அடிக்கடி நடக்கும். ஒரு சதுரத்தில் நாலைந்து அடிப்படை வடிவங்களிலிருந்துதான் எல்லோரும் கிளம்புகிறோம். எளிய மாடல் என்றால் இரண்டு பேர் ஒரே இடத்தில் போய் நிற்பது சகஜம். நீங்கள் திருடவில்லை. ஆனால் முதலில் செய்தவரும் திருடவில்லையே. தெரிந்த அன்றே இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. மாடல் சிக்கலானது, அறுபது எழுபது படி உடையது, அப்படியே ஒத்துப்போகிறது என்றால் எங்கேயோ பார்த்து மனதில் தங்கியிருக்கிறதா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் ஒரு யானை இருக்கிறது. மூன்று மாதம் சாயங்காலங்களில் உட்கார்ந்து, துதிக்கை கீழே தொங்கும்படி வந்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த வருஷம் பழைய புத்தகக் கடையில் ஒரு மடிப்புப் புத்தகம் புரட்டினேன். என் யானை அதில் நின்றது, காது மடிப்பு மட்டும் வேறு. இப்போது அதைப் பகிரும்போது முதல் வரியில் அந்தப் புத்தகத்தைச் சொல்லிவிட்டு, இரண்டாம் வரியில் 'காது மட்டும் என்னுடையது' என்று எழுதுகிறேன்.